அந்தக் காலத்துப் பாக்கெட் சாப்பாட்டு ஏக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெந்நீர் ஊற்றினால் சூப். டின்னைத் திறந்தால் குழம்பு. தட்டோடு அப்படியே ஓவனில் வைத்தால் ராத்திரிச் சாப்பாடு. இவற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்று நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். அந்தச் சுவையைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

பாக்கெட் சாப்பாட்டை நினைத்து ஏங்குவது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இது இயல்பானதுதானா?

இயல்புதான். பாட்டியின் கைப்பக்குவத்தை நினைத்துக் கண் கலங்கினால் எல்லோரும் ஆமோதிப்பார்கள். பொடி சூப்பை நினைத்து ஏங்குகிறேன் என்றால் மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். குழந்தையின் நாக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பள்ளி விட்டுப் பசியோடு வந்தபோது முன்னால் வைக்கப்பட்டது எதுவோ, அதுதான் அதற்கு வீட்டுச் சாப்பாடு. வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மா பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டியிருக்கலாம். கட்டி தட்டாமல் கிளறியது அவர் கைதானே?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த உணவுகளையும் வீட்டுச் சமையலைப் போலவே மதித்து, சரியாக நினைவுவைத்து, குறித்தும் வைக்க வேண்டும். அப்புறம், "எல்லாம் உன் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்கள் தேடும் சுவை பல சமயங்களில் உண்மையாகவே போய்விட்டது. ஏன் போனது என்று காரணத்தோடு சொல்லவும் முடியும்.

"அந்தக் காலம்" என்றால் எந்தக் காலம்?

பெரும்பாலானவர்கள் மனதில் வைத்துப் பேசுவது 1950களில் தொடங்கி 1990கள் வரையான காலத்தை. ஆனால் இந்தக் கதைக்கு வயது அதிகம். பிரான்சில் நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் பாட்டிலில் உணவை அடைத்து, கொதிநீரில் வைத்துக் கெடாமல் காக்கும் முறையை 1810இல் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் தகர டின்னைக் குறிப்பிட்டுக் காப்புரிமை வாங்கினார். டின்னைத் திறப்பதற்கென்று ஒரு கருவி வர அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான்.

1837இல் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்து வணிகர், முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியை உருவாக்கினார். 1856இல் அமெரிக்காவில் கெய்ல் போர்டன் கெட்டிப்பாலுக்குக் காப்புரிமை பெற்றார். 1908இல் மேகியின் சூப் கட்டி வந்தது, 1938இல் நெஸ்கஃபே.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. போர்க்காலத்தில் ராணுவத்துக்காக வளர்ந்த தொழிற்சாலைகளுக்குப் புது வாடிக்கையாளர்கள் தேவைப்பட்டார்கள். வீடுகளுக்குள் ஃப்ரிட்ஜும், சில நாடுகளில் ஃப்ரீஸரும், பின்னாலேயே டெலிவிஷனும் வந்தன. பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். சமைக்க நேரம் குறைந்த வீட்டில் அந்த இடத்தைப் பாக்கெட் பிடித்தது.

டிவி டின்னரைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

டிவி டின்னர் என்றால் தட்டோடு உறையவைத்து விற்ற சாப்பாடு, வீட்டில் சூடாக்கினால் போதும். அதைச் சாப்பிடாதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவில் ஒமாஹாவைச் சேர்ந்த ஸ்வான்சன் நிறுவனம் 1953, 54 வாக்கில் அந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. விமானப் பயணிகளுக்காக உறையவைத்த தட்டுச் சாப்பாடு 1940களிலேயே இருந்தது. ஆனால் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, டெலிவிஷன் பெட்டி மாதிரியே வரைந்த அட்டைப் பெட்டியில் போட்டு விற்றது ஸ்வான்சன்தான்.

உள்ளே மூன்று குழி உள்ள அலுமினியத் தட்டு. ஒன்றில் வான்கோழித் துண்டுகளும் குழம்பும், இன்னொன்றில் மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மற்றதில் பட்டாணி. இதில் கஷ்டமான வேலை எது தெரியுமா? மூன்றும் ஒரே சூட்டில் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். இறைச்சி சூடாவதற்குள் பட்டாணி சுருங்கிவிடக் கூடாது. அந்த நிறுவனத்தில் இருந்த பெட்டி க்ரோனின் என்ற பாக்டீரியா ஆய்வாளர் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில் பெரும்பங்கு வகித்தார். உறையவைத்த பொரித்த கோழியின் மேல்மாவு உதிராமல் இருக்கவும் அவர் உழைத்தார். "சமைக்கத் தெரியாதவர்கள் சாப்பாடு" என்று கேலி செய்யப்பட்ட தட்டுக்குப் பின்னால் இப்படிப் பொறுமையான வேலை இருந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

1986இல் அலுமினியத் தட்டு போய், மைக்ரோவேவில் வைக்கத் தோதான பிளாஸ்டிக் தட்டு வந்தது. இன்று அந்தப் பழைய அலுமினியத் தட்டு வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே பெயர், அதே பெட்டி, ஆனால் சுவை மட்டும் பழையபடி இல்லை. என் நாக்குதான் மாறிவிட்டதா?

நாக்கும் மாறியிருக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பொருளைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கே நடந்த மாற்றங்கள் ஏராளம்.

முதலாவது கொழுப்பு. பழைய பிஸ்கட், கேக், க்ரீம் எல்லாவற்றிலும் பாதி ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய் இருந்தது. அறைச் சூட்டில் கெட்டியாக நிற்கும், வாயில் போட்டதும் உருகும். அதில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று உறுதியானதும், 2003இல் டென்மார்க் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2015இல் முடிவெடுத்து, 2018 முதல் நடைமுறைக்கு வந்தது. அது போனது நல்லதுதான், எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. ஆனால் அதோடு ஒரு வகை மொறுமொறுப்பும், பிஸ்கட் நடுவில் இருக்கும் க்ரீமின் வழவழப்பும் சேர்ந்தே போயின. மெக்டொனால்ட்ஸ் 1990இல் உருளைக்கிழங்கு வறுக்கும் மாட்டுக்கொழுப்பை நிறுத்திவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. அதற்கு முன் சாப்பிட்டவர்கள் "அந்த ருசி இல்லை" என்றால், அவர்கள் சொல்வது அப்பட்டமான உண்மை.

இரண்டாவது இனிப்பு. அமெரிக்காவில் 1980களின் முதல் பாதியில் கோலா பானங்கள் சர்க்கரையிலிருந்து சோளப் பாகுக்கு மாறின. மூன்றாவது நிறம். 1976இல் அமெரிக்கா சிவப்பு 2 என்ற சாயத்தைத் தடை செய்தது. எம் அண்ட் எம்ஸ் மிட்டாயில் அந்தச் சாயமே இல்லை. ஆனாலும் மக்கள் பயப்படுவார்கள் என்று சிவப்பு மிட்டாயையே எடுத்துவிட்டு, 1987இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அந்தப் பதினோரு வருஷத்தில் வளர்ந்த குழந்தைக்குச் சிவப்பில்லாத பாக்கெட்தான் ஞாபகத்தில் இருக்கும். அதே பெயரை வைத்துக்கொண்டு அக்காவுக்கு ஒரு நினைவு, தம்பிக்கு வேறொரு நினைவு.

நான்காவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அது சூடாக்கும் முறை. ஓவனில் சூடான காற்று உணவின் மேல்பரப்பைக் காயவைக்கிறது. சூடு சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகும், வறுத்த வாசனை வரும். மைக்ரோவேவ் உணவில் உள்ள தண்ணீரைத்தான் முக்கியமாகச் சூடாக்குகிறது. ஈரம் இருக்கும்வரை மேல்பரப்பு நூறு டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். அதனால் சிவக்காது. பழைய அலுமினியத் தட்டில் கிழங்கு விளிம்பு ஓரமாகக் கருகி, கொஞ்சம் இழுத்துச் சுரண்டினால் வரும் அந்தப் பழுப்புப் பட்டை இருக்கிறதே, பலரும் தேடுவது அதைத்தான். செய்முறையில் ஒரு கிராம்கூட மாறாமல் இருந்தாலும், பிளாஸ்டிக் தட்டில் அது வரவே வராது.

சரி, நாக்கு எவ்வளவு மாறியிருக்கும்?

கணிசமாக. குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட அதிக இனிப்பும் அதிக உப்பும் பிடிக்கும். பதின்வயதின் நடுவில் அது குறையத் தொடங்கும். வயது ஏற ஏற மோப்ப சக்தியும் மெல்ல மங்கும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மென்று விழுங்கும்போது வாசனை தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. ஒரு மிட்டாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள், இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் அது ஆரஞ்சா ஸ்ட்ராபெரியா என்று தெரிந்துவிடும்.

ஒரு வாசனை பட்டதும் ஏன் சட்டென்று சின்ன வயசுக்கே போய்விடுகிறோம்?

கண், காது வழியாக வரும் செய்தி தாலமஸ் என்ற பகுதியைத் தாண்டித்தான் மூளையின் மேற்புறணிக்குப் போகும். வாசனைக்கு அந்தச் சுற்றுவழி கிடையாது. மூக்கிலிருந்து மோப்பக் குமிழுக்கும், அங்கிருந்து உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா போன்ற பகுதிகளுக்கும் நேராகப் போகிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயமும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. வயதானவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து நினைவு கேட்டால், பதினொன்று முதல் இருபது வயதுவரையான நினைவுகள் அதிகம் வருகின்றன. வாசனையைக் கொடுத்தால் பத்து வயதுக்கு முந்தியவைதான் அதிகம் வருகின்றன. ஆறு வயதில் கஸ்டர்ட் பொடி டப்பாவைத் திறந்தபோது மூக்கில் ஏறிய வனிலா வாசனை, பதினாறு வயதில் சாப்பிட்ட விருந்தைவிட ஆழமாக நிற்பதற்கு இதுதான் காரணம்.

பாக்கெட் உணவுக்கு இதில் ஒரு தனிச் சாதகமும் உண்டு. வீட்டுச் சமையல் தினம் கொஞ்சம் மாறும். பாக்கெட்டோ ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக ஒரே வாசனையோடு வரும். ஒரே ஆணியை ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருப்பது போல அது நினைவில் இறங்கிவிடுகிறது.

கேக் கலவையில் முட்டையை வேண்டுமென்றே விட்டுவைத்தார்களாமே? வீட்டுப் பெண்களின் குற்ற உணர்ச்சியைப் போக்கத்தானா?

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்ற கலவை விற்காமல் போனதாம். 1950களில் எர்னஸ்ட் டிஷ்டர் என்ற உளவியலாளர் வந்து, பெண்களுக்குத் தாங்களே செய்த திருப்தி வேண்டும், முட்டையை அவர்களே உடைத்து ஊற்றட்டும் என்று சொன்னதும் விற்பனை பறந்ததாம்.

டிஷ்டர் அப்படி ஆலோசனை சொன்னது நிஜம். ஆனால் முட்டை விஷயம் அவருக்கு ரொம்ப முந்தியது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டஃப் நிறுவனம், புது முட்டையைச் சேர்த்துக் கலக்கும் கேக் கலவைக்கு 1930களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டது. இல்லத்தரசிகள் புது முட்டையைத்தான் விரும்புகிறார்கள் என்று அப்போதே குறிப்பிட்டிருந்தார்கள். அப்புறம், முட்டைப் பொடி போட்ட கேக்கைவிடப் புது முட்டை போட்ட கேக் நன்றாகவே வரும் என்பதும் ஒரு காரணம். பெண்களின் மனசைப் பற்றிய பெரிய தத்துவமாக இதை ஆக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் ருசி பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: பாக்கெட்டைப் பிரித்த அம்மா சோம்பேறியா? அந்தத் தலைமுறைப் பெண்கள் மிச்சம்பிடித்த அரைமணி நேரத்தில் துணி துவைத்தார்கள், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், சில நாள் சும்மா உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார்ந்ததும் அவர்களுக்கு வேண்டியதுதான்.

உடனடி நூடுல்ஸ் முதலில் எங்கே வந்தது?

ஜப்பானில். மோமோஃபுகு ஆண்டோ, ஒசாகாவுக்குப் பக்கத்தில் இகெடா என்ற ஊரில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்தார். 1958 ஆகஸ்ட் 25இல் சிக்கன் ராமென் விற்பனைக்கு வந்தது. அப்போது அவருக்கு 48 வயது. வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுகின்றன. வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளைகள் வழியாகவே தண்ணீர் திரும்ப ஏறிக்கொள்கிறது. இவ்வளவுதான் சூட்சுமம். முதலில் வந்தபோது அது மலிவான பொருளாக இல்லை. கடையில் கிடைத்த புது ஊடோன் நூடுல்ஸைவிடப் பல மடங்கு விலை. ஏழை மாணவர் சாப்பாடு என்ற பெயரெல்லாம் பிறகு வந்ததுதான்.

1971இல் கப் நூடுல்ஸ் வந்தது. 1972 பிப்ரவரியில் அசாமா மலைப்பக்கம் ஒரு விடுதியில் பணயக் கைதி சம்பவம் நடந்தது. கடும் பனியில் காவல் நின்ற போலீஸ்காரர்கள் ஆவி பறக்கக் கப் நூடுல்ஸ் சாப்பிட்டதை நாடே டெலிவிஷனில் பார்த்தது. ஜப்பானில் ஒரு தலைமுறைக்கு அந்தக் கோப்பையோடு அந்தக் காட்சியும் ஒட்டிக்கொண்டது.

இன்று எண்ணெயில் பொரிக்காமல் காற்றில் உலர்த்தும் நூடுல்ஸும் நிறைய வருகிறது. பழைய பொரித்த வாசனையைத் தேடுகிறவர்கள் பாக்கெட்டில் அதைப் பார்த்து வாங்குவது நல்லது. இகெடாவில் இருக்கும் கப் நூடுல்ஸ் அருங்காட்சியகத்தில் மாவு பிசைவதிலிருந்து சிக்கன் ராமெனை நாமே செய்து பார்க்கலாம்.

விண்வெளி வீரர்களுக்காகத்தான் டாங் பானத்தைக் கண்டுபிடித்தார்களா?

இல்லை. ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் இருந்த வில்லியம் மிட்செல் 1957இல் உருவாக்கியது, 1959இல் கடைக்கு வந்தது. 1962இல் ஜான் க்ளென் பூமியைச் சுற்றிய பயணத்தில் அதையும் கொண்டுபோன பிறகுதான் பேர் பரவியது.

எனக்கு ஏக்கம் தரும் அதே டின் இன்னொருவருக்குக் கசப்பான நினைவைத் தருகிறது. ஏன்?

ஒரே உணவு வெவ்வேறு சூழ்நிலையில் மேசைக்கு வந்திருக்கும். ஸ்பாம் என்ற டின் இறைச்சியைப் பாருங்கள். மினசோட்டாவில் ஹார்மெல் நிறுவனம் 1937இல் தொடங்கியது. போரின்போது அமெரிக்கப் படைவீரர்கள் தினம் தினம் அதைத் தின்று அலுத்துப்போனார்கள். அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுக்க அது வேண்டாத பொருள். ரேஷனில் தவித்த பிரிட்டனுக்கு அதே டின் கிடைப்பதற்கரிய இறைச்சி. கொரியாவில் 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பிறகு, பட்டினி காலத்தில் அமெரிக்க முகாம்களிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியைக் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்கவைத்தார்கள். அந்த புடேஜ்ஜிகே இன்று உணவகங்களில் ஆசையோடு கேட்டுச் சாப்பிடும் பண்டமாகிவிட்டது. சூசோக் பண்டிகைக்கு ஸ்பாம் பெட்டியைப் பரிசாகக் கொடுப்பதும் அங்கே சகஜம்.

அதனால் வீட்டில் யாராவது ஒருவர் ஒரு டின்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினால், "நல்லாத்தானே இருக்கு" என்று வற்புறுத்தாதீர்கள். எந்த வருஷம், என்ன நிலைமையில் சாப்பிட்டார் என்று கேளுங்கள். நான் கேட்டவரைக்கும், பசியின் கதையை இப்படி டின்னில் தொடங்கித்தான் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நிறுத்திய பொருளைத் திரும்பக் கொண்டுவருவார்களா?

சில சமயம் வரும். 1985 ஏப்ரல் 23இல் கோகோ கோலா தன் பழைய செய்முறையைக் கைவிட்டுப் புது கோக்கை அறிவித்தது. அதற்கு முன் ரகசியச் சுவைச் சோதனையில் ஏராளமானவர்கள் புதியதைத்தான் விரும்பியிருந்தார்கள். ஆனால் பழையது கிடைக்காது என்று தெரிந்ததும் கடிதமும் தொலைபேசியுமாகக் குவிந்தது. ஜூலை 11இல் பழையது திரும்ப வருவதாக அறிவித்தார்கள். ஒரு மடக்கில் எது இனிக்கிறது என்று கேட்டார்களே தவிர, வேண்டியது எது என்று கேட்கவில்லை.

ட்விங்கீஸ் கேக் செய்த ஹோஸ்டஸ் நிறுவனம் 2012இல் மூடியது. வேறு முதலாளிகள் வாங்கி 2013 ஜூலையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த ட்விங்கீஸில் ஒரு காலத்தில் வாழைப்பழ க்ரீம்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் வாழைப்பழம் கிடைக்காமல் போனதால் வனிலாவுக்கு மாறினார்கள். இன்று "அசல் சுவை" என்று பலர் ஏங்குவது அந்த மாற்றுச் சுவைக்குத்தான். அதனால் அவர்கள் ஏக்கம் போலியாகிவிடாது. அவர்கள் சாப்பிட்டு வளர்ந்தது வனிலாவைத்தான்.

நிறுவனத்துக்கு எழுதுவதில் பலன் உண்டா என்றால், உண்டு. "பழையபடி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், எந்த ஆண்டு, எந்த அளவுப் பாக்கெட், எந்த வகை என்று துல்லியமாக எழுதுங்கள்.

பழைய டின் ஒன்று பரணில் கிடைத்தது. சாப்பிடலாமா?

வேண்டாம். டின் உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ திறக்கவே கூடாது. பாட்யூலிசம் உயிரை வாங்கும் விஷம், அதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. பழைய டின்களின் இணைப்புகளை ஈயம் கலந்த பற்றுவைத்து ஒட்டியிருப்பார்கள், அந்த ஈயம் உணவில் இறங்கியிருக்கும். பழைய நூடுல்ஸ், சிப்ஸ் என்றால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.

1865இல் மிசூரி ஆற்றில் மூழ்கிய பெர்ட்ரண்ட் என்ற நீராவிப் படகை 1968இல் தோண்டியெடுத்தார்கள். அதிலிருந்த டின்களை 1974இல் ஆய்வகத்தில் சோதித்தபோது கிருமி வளர்ச்சி இல்லை. ஆனால் வாசனையும் தோற்றமும் கெட்டிருந்தன, வைட்டமின் சி பெரும்பாலும் போயிருந்தது. அது ஆய்வகத்தில் செய்த சோதனை. உங்கள் பரண் டின்னைத் துடைத்து அலமாரியில் வையுங்கள், அதுவே போதும்.

வீட்டிலேயே அந்தச் சுவையைக் கொண்டுவர முடியுமா?

பெரும்பாலும் நெருங்கிவிடலாம். இதில் நிறையப் பேர் சறுக்குவது நல்ல பொருள் வாங்கும் இடத்தில்தான். அசல் வனிலா நெற்று, புது வெங்காயம், வீட்டில் கொதிக்கவைத்த எலும்புச் சாறு என்று போட்டால் அருமையான சாப்பாடு வரும். நீங்கள் தேடியது வராது.

பொடி சூப்பின் சுவை உலர்ந்த வெங்காயத்தில் இருக்கிறது. உலர்த்தும்போதே அதில் லேசான வறுபட்ட இனிப்பு ஏறிவிடும், பச்சை வெங்காயத்தில் அது கிடையாது. வெங்காயத் துகள், பூண்டுப் பொடி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, சோள மாவு, அஜினோமோட்டோ அல்லது ஈஸ்ட் சாறு, சில துளி எண்ணெய். இவற்றைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மேலே எண்ணெய்த் துளிகள் பொன் நிறத்தில் வட்டம் வட்டமாக மிதக்கும்போது முகர்ந்து பாருங்கள். பாதித் தூரம் அங்கேயே வந்துவிடுவீர்கள். மிச்சம் உப்பு. இன்று நமக்கு அளவாகத் தெரியும் உப்பு, அன்றைய பாக்கெட்டில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கலாம்.

கஸ்டர்ட், புட்டிங், கேக் வகைகளுக்கு வெறும் வனிலின் (வனிலா வாசனை தரும் வேதிப்பொருள்) போதும். 1874இலேயே ஜெர்மனியில் அதை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள், நம் நினைவில் இருக்கும் வனிலா அநேகமாக அதுதான். பாலுக்குப் பதில் டின் பால் சேர்த்தால் அந்தக் காய்ச்சிய வாசனை கிடைக்கும். பொடிப் பானங்களில் நாக்கைச் சுண்டி இழுத்த புளிப்பு சிட்ரிக் அமிலம்.

தட்டுச் சாப்பாடு என்றால் அலுமினியத் தட்டில் வைத்து, மேலே மூடி, ஓவனில்தான் சூடாக்க வேண்டும். கடைசிச் சில நிமிஷம் மூடியை எடுத்துவிடுங்கள். விளிம்பு கருகட்டும்.

செய்து முடித்ததும் அன்று சாப்பிட்ட மாதிரியே சாப்பிடுங்கள். கோப்பையில் குடித்ததைக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டாம். ஸ்பூனும் அதேபோல இருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு ஆசைப்படலாமா? உடம்புக்கு?

தினமும் வேண்டாம். 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் அப்படியில்லாத உணவும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மற்றவர்கள் எப்போதாவது ஒரு நாள், ஆசைதீரச் சாப்பிடலாம்.

என் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள்.

சுளிக்கட்டும். அவர்களுக்கு அதோடு எந்த நினைவும் இல்லையே. இருபது வருஷம் கழித்து அவர்கள் தேடப்போவது இன்றைக்கு உங்கள் வீட்டு ஃப்ரீஸரில் இருக்கும் ஏதோ ஒன்றை. அது எது என்று இப்போது ஊகிக்கவே முடியாது.

இந்த நினைவுகளைப் பாதுகாக்க என்ன செய்யலாம்?

ராபர்ட் ஓப்பி என்ற பிரிட்டிஷ்காரர் 1963இல், பதினாறு வயதில், இன்வர்னஸ் ரயில் நிலையத்தில் ஒரு மஞ்சீஸ் மிட்டாய்ப் பாக்கெட் வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டே இதைத் தூக்கிப் போட்டால் ஒரு சின்ன வரலாறு போய்விடுமே என்று தோன்றியதாம். வைத்துக்கொண்டார். அங்கிருந்து தொடங்கிய சேகரிப்புதான் இன்று லண்டனில் பிராண்டுகள் அருங்காட்சியகமாக நிற்கிறது.

நீங்கள் அருங்காட்சியகம் வைக்க வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டில் சமைத்தவர் இன்னும் இருக்கிறார் என்றால் முதலில் அவரிடம் கேட்டு எழுதுங்கள். பாக்கெட்டில் சொன்னபடியே செய்தாரா, தண்ணீரைக் குறைத்தாரா, கூட ஏதாவது போட்டாரா என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஏதாவது போட்டிருப்பார்கள். ஒரு முட்டை, ஒரு பிடி பட்டாணி, நேற்றைய குழம்பில் ஒரு கரண்டி. நீங்கள் பத்துக் கடை ஏறி இறங்கியும் கிடைக்காத சுவை அதில் இருக்கலாம்.

இப்போது வாங்கும் பொருட்களையும் விட்டுவிடாதீர்கள். பெட்டியின் முன்பக்கத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நீங்கள் பின்பக்கத்தையும் எடுங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை கிராம், எத்தனை நிமிஷம், எந்தச் சூடு என்பதெல்லாம் அங்கேதான் அச்சாகியிருக்கும். படத்தில் தேதி தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.